தீபாவளிக்கு வெள்ளைப் பாவாடை

பாலைவனத்தில் நம் நாட்டு அணுகுண்டு வெடித்த செய்தி வந்த அன்று, ஆரணியில் எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தவர் என் சித்தப்பா. குண்டைத் தானே செய்து அனுப்பிவைத்தவர் போல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீடு வீடாக மைசூர்பாகு கொடுத்தார். "இனிமே எவனும் நம்மகிட்ட வாலாட்ட மாட்டான். ஒண்ணு போட்டா ஊரே காலி!" என்றார். காலியாகப் போகிற அந்த ஊரில் யார் இருப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு இரண்டு துண்டு கிடைத்தது. குண்டு நல்லது என்று முடிவு செய்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளில் எங்கள் அறிவியல் சார் கூடத்தில் ஹிரோஷிமா படங்களை வரிசையாக மாட்டினார். மற்ற பிள்ளைகள் இடிந்த கட்டடங்களைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். நான் ஒரே படத்தின் முன்னால் நின்றுவிட்டேன். ஒரு பெண்ணின் முதுகு. அதில் கருப்புக் கட்டங்கள், குறுக்கும் நெடுக்குமாக, அத்தனை அழகு. கீழே ஏதோ எழுதியிருந்தது. தறி வீட்டுப் பிள்ளைக்கு டிசைன் கண்ணில் பட்டபிறகு எழுத்து எங்கே படும்?

எங்கள் வீட்டுத் தறிகளில் என்ன நிறம், என்ன டிசைன் என்பதை அப்பாவின் அக்காதான் சொல்லுவாள். அந்தத் தீபாவளிக்கு நான் கேட்கிற டிசைனில் பட்டுப்பாவாடை நெய்து தருவதாக அத்தை வாக்குக் கொடுத்திருந்தாள். எனக்கு அந்தக் கட்டம்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். மறுநாள் அத்தை அதைப் பார்க்கச் சித்தப்பாவின் மொபெட்டில் ஏறிப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள்.

படத்துக்கு மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தாள். விரலால் கோடுகளைத் தொட்டுக்கொண்டே போனாள்.

"கட்டம் நல்லாத்தான் கீது சார். ஆனா மடிப்பே காணமே. தோள்பட்டைகிட்ட துணி சுருங்கணுமா இல்லையா?"

சார் மெல்லச் சொன்னார்: "அது துணி இல்லம்மா. தோலு."

அத்தையின் விரல் அப்படியே நின்றது.

"குண்டு வெடிச்ச சூட்டுல அந்தம்மா கட்டிகினு இருந்த துணியோட டிசைன் உடம்புல பதிஞ்சிபோச்சு. கருப்பு சூட்டை இழுக்கும் இல்லிங்களா? கருப்பு இருந்த எடமெல்லாம் வெந்துடுச்சு. வெள்ளை இருந்த எடம் கொஞ்சம் தப்பிச்சுது."

அத்தை சுட்டுக்கொண்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள். சித்தப்பா தொண்டையைச் செருமினார். "அது அந்தக் காலத்து குண்டு இல்லிங்களா சார்?"

"இப்ப இருக்கறதுங்க அதைவிடப் பல மடங்கு பெருசுங்க."

சித்தப்பா மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துவிட்டார். எனக்கோ என் கவலை. அத்தையின் முந்தானையை இழுத்து, "அத்த, எனக்கு இந்தக் கட்டம்தானே?" என்றேன். அவள் குனிந்து என் சட்டையைப் பார்த்தாள். அன்று நான் போட்டிருந்ததும் கட்டம் போட்ட சட்டைதான். மொபெட்டில் வீடு வரும்வரை அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தச் சட்டையைக் கழற்றி எங்கோ வீசினாள். அதை நான் மறுபடி பார்க்கவே இல்லை.

தீபாவளி காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஓடிவந்தால், பலகையின் மேல் மஞ்சள் தடவி வைத்திருந்தது வெள்ளைப் பட்டுப்பாவாடை. கட்டம் இல்லை. கரை இல்லை. ஜரிகை ஒரு இழைகூட இல்லை. அம்மாவே பதறிப்போய் அத்தையிடம் கேட்டாள். "நல்ல நாளும் அதுவுமா பொண்ணுக்கு இன்னாங்க வெள்ளை?"

"வெள்ளைதான். பேசாம போட்டு வுடு" என்றாள் அத்தை.

தெருவே சரசரவென்று மயில்கழுத்து நிறத்திலும் அரக்கிலும் அலைந்தபோது, நான் மட்டும் வெள்ளையில் அழுதுகொண்டிருந்தேன். பட்டாசுக்குப் பேர்போன சித்தப்பா வெறும் மத்தாப்பு வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். அத்தைக்கு என்மேல் பிரியமே கிடையாது என்று அன்று முழுக்க நம்பினேன். அவள் கையில் இருந்தது தறி ஒன்றுதான், அதைக்கொண்டு அந்தக் குண்டுக்கு எதிராக அவளால் நெய்ய முடிந்தது அவ்வளவுதான் என்பது எனக்குத் தெரியவில்லை.