பிடுங்கி வைத்த ஒயர்

அந்த வீட்டுக்கு நெட் இணைப்பு கொடுத்தது நான்தான். சிவகாசிக்குத் தெற்கே, காலனி வீடுகள் வரிசையாக நிற்கிற ஒரு ஊர். தெருக் கம்பத்திலிருந்து கேபிளை இழுத்து, சுவரில் துளை போட்டு உள்ளே விட்டு, முன்னறையில் தொட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் பெட்டியை மாட்டினேன். கேபிளுக்குள் இருப்பது தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. அதன் வழியாக வெளிச்சம் வரும். எவ்வளவு வெளிச்சம் வந்து சேர்கிறது என்று கையடக்க மீட்டரில் பார்ப்போம். அன்றைக்கு நல்ல அளவு காட்டியது.

வீட்டில் புருஷன், பெண்சாதி, மூன்று வயது இருக்கும் ஒரு பெண்பிள்ளை.

"போன்ல பொம்மை ஓடலன்னா இவ ஒரு வாய்ச் சோறு வாங்க மாட்டேங்காண்ணே. அதுக்குத்தான் இம்புட்டுச் செலவும்" என்றாள் அந்தப் பெண்.

"நம்பாதீக அண்ணாச்சி. சீரியல் பாக்க ஒரு சாக்கு" என்றான் அவன்.

நான் சிரித்துவிட்டுப் பையைக் கட்டினேன். ஆட்களோடு பேச எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதால் வந்த கூச்சம் என்று வீட்டில் சொல்வார்கள். படித்திருந்தாலும் நான் இப்படித்தான் இருந்திருப்பேன்.

கொஞ்ச நாளில் நெட் இழுக்கிறது என்று புகார் வந்தது. போனேன். வெளிச்சம் பாதியாகக் குறைந்திருந்தது. பெட்டியில் செருகிய ஒயரைக் கழற்றி நுனியைத் துடைத்தேன், சரியாகிவிட்டது. சில வாரங்களில் மறுபடியும் அதே புகார், அதே துடைப்பு. மூன்றாவது தடவை, பக்கத்துத் தெருவில் வேலை முடிந்ததும் சொல்லாமலே போய் நின்றேன்.

பெட்டியின் கரண்ட் பிளக் பிடுங்கிக் கிடந்தது. எங்கள் மெல்லிய ஒயரையும் பிடுங்கி ஆணியில் மாட்டியிருந்தார்கள். நுனியில் இருக்க வேண்டிய மூடி இல்லை. துடைத்த தாளை வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். சாம்பல் நிறத் தூசு. அதில் ஒரு மினுமினுப்பு.

எனக்கு அது தெரியும். என் அக்கா பட்டாசுக் கம்பெனியில், செட் என்று சொல்கிற கொட்டகையில் உட்கார்ந்து பேன்சி வெடிக்கு மருந்து அடைத்தாள். சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போது கழுத்து மடிப்பிலும் நகக்கண்ணிலும் அது இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் முழுசாகப் போகாது. செட் வெடித்த அன்று அடையாளம் காட்ட அப்பாதான் போனார். என்ன பார்த்தார் என்று சாகும்வரை அவர் சொல்லவில்லை. நானும் அதே கம்பெனியில்தான் இருந்தேன். அதன் பிறகு அந்தப் பக்கம் போகாமல், கேபிள் இழுக்கிற வேலைக்கு வந்தேன்.

வெடி செட்டுக்குள் கரண்ட் கூடாது, ஒயர் கூடாது, செல்போன் கூடாது. அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அது ரத்தத்தில் ஊறியிருக்கும். இந்த வீட்டிலும் மருந்தைத் திறக்கும் முன்னால் எல்லா ஒயரையும் பிடுங்கியிருக்கிறார்கள், கரண்டே வராத என் ஒயரையும் சேர்த்து.

"இதுல கரண்ட் வராது தம்பி. வெறும் வெளிச்சந்தான்" என்றேன்.

அவன் பின்னறையிலிருந்து வந்து கதவைச் சாத்திவிட்டு நின்றான். "எதுக்கும் பிடுங்கி வச்சிட்டா நல்லதுல்லா அண்ணாச்சி."

 சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அதற்குள் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது. திறந்தால் நிமிர்ந்து, என்னடா என்பாள்.

வாசலில் அந்தப் பெண்ணிடம், "தங்கச்சி, சின்னப் புள்ள இருக்கு" என்றேன்.

"தீபாவளி வரைக்குந்தாண்ணே" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "கம்பெனிய அடிக்கடி அடச்சுப் போடுதாக. ஏஜெண்டு மருந்தக் கொண்டாந்து குடுத்துட்டுப் போறாரு. நாங்க மட்டுமா செய்யுதோம்?"

எந்தெந்த வீடுகளுக்கு வெளிச்சம் வருகிறது என்று எங்கள் போனிலேயே பார்க்கலாம். கரண்ட் போனால், அணைவதற்கு முன் பெட்டி 'கரண்ட் போய்விட்டது' என்று ஒரு கடைசித் தகவல் அனுப்பும். இழை அறுந்தால் அந்தத் தகவல் வராது. நேரே இருட்டுதான். மறுநாளிலிருந்து அந்த வீட்டைப் பார்க்கத் தொடங்கினேன். காலையில் பெட்டி கடைசித் தகவல் சொல்லி அணையும். வேலையில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று தெரிந்துகொள்வேன். பிள்ளைக்குச் சாயங்காலச் சோறு ஊட்டும் நேரத்தில் வெளிச்சம் வரும். அது வரும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது. தூரத்து ஊரான மல்லாங்கிணற்றில் கம்பத்தின் மேல் நிற்கும்போதும் ஒரு கை போனுக்குப் போகும். மூடிய கதவுக்குப் பின்னால் அவர்கள் மூன்று பேரோடு அக்காவும் இருந்தாள்.

ஒருநாள் மதியம் விஸ்வநத்தத்தில் ஒரு வீட்டு மாடியில் இருந்தேன். அன்று அவர்கள் வேலைக்கு உட்காரவில்லை போலும், காலையிலிருந்து அந்த வீட்டுக்கு வெளிச்சம் வருகிறது என்று போனில் பச்சைதான் காட்டியது. அடுத்த தடவை பார்த்தபோது இருட்டு. கடைசித் தகவல் இல்லை.

தெற்கே பார்த்தேன். புகை எழுந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் கருவேலங்காட்டில் கரிமூட்டம் போடுவது வழக்கம், தினமும் புகை தெரியும். அன்றைக்கு அது என்ன புகை என்று எனக்குத் தெரியவில்லை. மீட்டரை மாடியிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். எப்படி வண்டி ஓட்டினேன் என்பது இப்போதும் நினைவில் இல்லை. எதிரில் ஒரு ஆம்புலன்சு வராதா, வந்தால் தெரிந்துவிடுமே என்றும், வரக்கூடாது என்றும் மாறி மாறி நினைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

வீடு நின்றது. கேபிள் தெருவில் கிடந்தது. அந்தப் பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் சோற்றுத் தட்டோடு வாசலில் நின்றாள்.

"பேப்பர் ரீல் லோடு லாரிண்ணே, இப்பத்தான் அத்துட்டுப் போறான். நாங்க இன்னும் போனே போடல. அதுக்குள்ள எப்படி வந்தீக?"

  பையைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கிக் குடித்தேன்.

"வெளிச்சம் வரல" என்றேன். "அதான்."

"தினமும் பாக்கீகளா?"

தலையாட்டினேன்.

"எல்லார் வீட்டையுமா?"

"இல்ல."

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். அவன் உள்ளேயிருந்து வந்து, "என்ன அண்ணாச்சி, எங்களுக்கு நாள் குறிச்சு வச்சிருக்கீகளா?" என்றான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அவள் சிரிக்கவில்லை.

லாரி இழுத்த இழுப்பில் உள்சுவரிலும் இழை பிய்ந்திருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டுகிற மெஷின் இழையின் இரண்டு முனைகளையும் ஒரு மின்பொறியால் உருக்கித்தான் சேர்க்கும். அதைச் சொன்னேன்.

"பின் ரூம்பு காலியானாத்தான் மெஷினத் திறப்பேன் தம்பி."

"ஆர்டர் பாதில நிக்கி. சீசன் முடியட்டும். ரெண்டு மாசம் நெட்டு இல்லாட்டி செத்தா போவோம்?"

 நான் அக்காவைப் பற்றிச் சொன்னேன். வெளி ஆட்களிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பா திரும்பி வந்து பேசாமல் உட்கார்ந்திருந்ததோடு நிறுத்திக்கொண்டேன். அதற்குமேல் எனக்கும் தெரியாது.

"ஏஜெண்டுக்குப் போனப் போடுங்க" என்றாள் அவள் புருஷனிடம். "இப்பவே வந்து அள்ளிட்டுப் போகச் சொல்லுங்க. இல்ல, நான் புள்ளையத் தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிருதேன்."

"ஏட்டி, கொஞ்சம் பொறு."

"பொறுத்தது போதும்."

அவன் போன் போட்டான். ஏஜெண்டு சத்தம் போட்டது எனக்கும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டி லோடு வண்டி வந்தது. அவள் பிள்ளையை என் கையில் கொடுத்து, "தெரு முக்குல போய் இருங்கண்ணே" என்றாள். நான் வேப்பமரத்தடியில் பிள்ளையை அணைத்துக்கொண்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அவர்கள் மருந்துத் தட்டுகளை ஒவ்வொன்றாக, வெறுங்காலோடு, மெதுவாக வண்டிக்குச் சுமந்தார்கள். பிள்ளை என் சட்டைப் பையிலிருந்து போனை எடுக்கப் பார்த்தது. கொடுத்துவிட்டேன்.

பின்னறையை அவள் ஈரத்துணியால் திரும்பத் திரும்பத் துடைத்துக் கழுவிவிட்டாள். தரை காயும்வரை காத்திருந்தேன். திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்தேன். ஈரத் தரை மட்டும் இருந்தது. தெருவில் கிடந்த கேபிளைத் திரும்பக் கம்பத்தில் கட்டி, இழையை ஒட்டினேன். பெட்டியில் பச்சை எரிந்தது.

"இனிமே எங்க வீட்டப் பாக்க மாட்டீகள்ல?" என்று கேட்டாள்.

"மாட்டேன்" என்றேன். அப்படியே செய்தும் வருகிறேன்.

கிளம்பி மெயின் ரோட்டுக்கு வந்தபோது லோடு வண்டி போன திசை தெரியவில்லை. இறக்கிய சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஏஜெண்டு சும்மா இருக்க மாட்டார். இருட்டுவதற்குள் வேறொரு வீட்டில் இறக்கிவிடுவார். கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் எல்லாத் தெருக் கம்பத்திலும் நான் இழுத்த கேபிள்தான் ஓடுகிறது. வண்டியை நிறுத்தி, போனில் அந்த வட்டாரத்து வீடுகள் எல்லாவற்றையும் திறந்தேன். வரிசையாகப் பச்சை. நடுநடுவே சில வீடுகள் இருட்டாக இருந்தன. அவை ஏன் இருட்டாக இருக்கின்றன, கடைசித் தகவல் வந்திருக்கிறதா என்று ஒன்றொன்றாகத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினேன்.