பச்சை முகமும் கறுத்த பொட்டும்

மெஷினிலிருந்து வந்த முதல் தாளிலேயே அந்த அம்மாவின் முகம் பச்சையாக இருந்தது. அவர் இறந்த முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் கல்வெட்டு, அதாவது நினைவு மலரின் அட்டை. ஞாயிற்றுக்கிழமை கிரியை, தாள் வந்த அன்று வியாழன். ஓரத்தில் கலரில் பூவேலை, நடுவில் கறுப்பு வெள்ளைப் படம்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், நாங்கள் குடியேறிய நகரத்தின் அஹுன்ட்சிக் பகுதியில் இருந்த ஓர் அச்சகம் அது. படங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்து அச்சுப் பிளேட்டுக்கு அனுப்புவது என் வேலை. முதலாளி ஜெயம் அண்ணைக்கு அச்சுத்தொழிலில் தெரியாதது எதுவும் கிடையாது. அப்படித்தான் அவர் சொல்வார்.

"மை கூடிப்போச்சு. குறைக்கச் சொல்லு" என்றார்.

குறைத்தோம். முகம் ரோஸ் நிறமானது.

"இது பரவாயில்லை. வெக்கப்படுற மாதிரிக் கிடக்கு."

செத்தவர் ஏன் வெட்கப்பட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சம்பளம் தருகிறவர்.

பைலைத் திறந்து பார்த்தேன். பார்வைக்குத்தான் கறுப்பு வெள்ளை. பைல் கலர் பைல். ஆகவே சாம்பல் நிறத்தை சயன், மஜென்டா, மஞ்சள், கறுப்பு என்று மைக்கு ஒன்றாக நாலு பிளேட்டும் பங்குபோட்டிருந்தன. ஒன்றில் மை கொஞ்சம் கூடினாலும் முகம் நிறம் மாறிவிடும். இதுகூடத் தெரியாமல் அனுப்பிய மேதை யாரோ என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே கிரேஸ்கேலுக்கு மாற்றினேன். இனி முகத்துக்குக் கறுப்புப் பிளேட் மட்டும். அடுத்த தாள் சுத்தமான சாம்பலில் வந்தது.

"நான் அப்பவே சொன்னனான்தானே" என்றார் ஜெயம் அண்ணை.

மறுநாள் காலை, தாளைப் பார்த்துச் சரி சொல்ல, ஆற்றுக்கு அப்பால் புரோசார்டிலிருந்து பஸ்ஸும் மெத்ரோ ரயிலும் பிடித்து அந்த அம்மாவின் கணவர் வந்தார். தாளைக் கையில் வாங்கியவர் அதைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"தம்பி, பொட்டு எங்கை?"

"இருக்கு ஐயா. கறுப்பாத் தெரியுது."

"நான் சிவப்பாக் குடுத்தனான். மகள் கம்ப்யூட்டரில வைச்சவள். அதுக்காகத்தான் கலரில அனுப்பினது."

பச்சையைத் துரத்திய வேகத்தில் அந்தச் சிவப்பு என் கண்ணில் படவே இல்லை.

"அவ சுமங்கலியாப் போனவ. இதைப் பாத்தா சனம் என்ன நினைக்கும்? நான் முந்திப் போயிட்டன் எண்டெல்லோ?" என்றவர், தாளை மேசையில் வைத்துவிட்டு, "அப்பிடி நடந்திருந்தா நல்லம்" என்றார்.

ஜெயம் அண்ணை மெஷினை நிறுத்தப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது.

படத்தைக் கறுப்புப் பிளேட்டிலேயே விட்டு, அதன்மேல் மஜென்டாவும் மஞ்சளும் கலந்து சிவப்பாக ஒரு சின்ன வட்டம் வைத்தேன். ஐந்து நிமிட வேலை. அவர் பக்கத்தில் நின்று, "கொஞ்சம் கீழ. புருவத்துக்குக் கிட்டத்தான் வைப்பா. இன்னும் கொஞ்சம் பெருசு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அரை மணித்தியாலம் ஆனது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு: சாம்பல் படம் நிறம் மாறி வந்தால் கிரேஸ்கேலுக்கு மாற்றுங்கள், அது சரியான வைத்தியம்தான். மாற்றுவதற்கு முன் ஏன் கலரில் அனுப்பினீர்கள் என்று ஒரு போன் எடுத்துக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. அதனால் ஒரு மனிதர், தான் இன்னும் உயிரோடு இருப்பதை என் மேசைக்கு முன்னால் வந்து நின்று சொல்ல வேண்டியதாயிற்று.