இன்னொருவரின் நோய்க்கு ஆறு வாரம்

விதுராவில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. சொந்தக்காரர் இல்லை, சிநேகிதர் இல்லை. ஆனாலும் இரண்டு மழைக்காலங்களில் பதினொரு முறை விதுராவுக்குப் போய் வந்திருக்கிறேன். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்காரர், எனக்கு அங்கே ஏதோ எஸ்டேட் வழக்கு நடக்கிறது என்று தானாகவே முடிவு செய்திருந்தார். "கேஸ் எந்தாயி?" என்று ஒவ்வொரு முறையும் விசாரிப்பார். தள்ளி வைத்திருக்கிறார்கள் என்பது போல் கையை ஆட்டுவேன். வழக்கே இல்லை என்று சொல்வதென்றால் நிறையப் பேச வேண்டியிருக்கும்.

விஷயம் இவ்வளவுதான். திருவனந்தபுரத்து பஸ்ஸில் நம்முடைய நிறுத்தம் வருவதற்குச் சற்று முன்னால் "ஆளிறங்ஙானுண்டே!" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். இறங்க ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கண்டக்டர் மணியடிப்பார், பஸ் நிற்கும். கைக்குழந்தையோடு இருக்கும் பெண்கள் சொல்கிறார்கள். பல் போன கிழவர்கள் சொல்கிறார்கள். எனக்கு வராது. சொன்னால் பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும், குரல் கீச்சென்று உடையும், அதை அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று எனக்குத் திட்டவட்டமாகத் தெரியும்.

என் வீடு பேரூர்க்கடை தாண்டி ஒரு சின்ன நிறுத்தத்தில். அந்தப் பெயரைக் கண்டக்டரிடம் சொன்னால் "எவிட?" என்று திருப்பிக் கேட்பார், இரண்டாவது முறை இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டிவரும். அதனால் பஸ்ஸின் போர்டில் எழுதியிருக்கும் கடைசி ஊருக்கே டிக்கெட் எடுத்துவிடுவேன். யாராவது என் நிறுத்தத்தில் இறங்கினால் அவர் முதுகுக்குப் பின்னால் நானும் இறங்கிவிடுவேன். யாரும் இறங்கவில்லை என்றால், விதுரா. ஒருமுறை வழியில் நெடுமங்காட்டில் கூட்டத்தோடு இறங்கப் பார்த்தேன். கண்டக்டர் என் தோளைத் தொட்டு, "சேட்டா, விதுரா ஆயிட்டில்ல" என்றார், விதுரா இன்னும் வரவில்லையாம். அவ்வளவு அன்பாகச் சொன்னவரை எப்படி ஏமாற்றுவது? திரும்பப் போய் உட்கார்ந்தேன்.

பேரூர்க்கடையிலேயே இறங்கி நடந்து வரக்கூடாதா என்று கேட்பீர்கள். என் மனைவியும் கேட்டாள். நல்ல வெயில் நாட்களில் அப்படித்தான் நடந்தேன். மழை கொட்டும்போதுதான் சிக்கல்.

மனைவி நாகர்கோவில்காரி, கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்கிற மாதிரிப் பேசுவாள். "விதுராவுல உங்களுக்கு என்ன சோலி கெடக்கு? அங்க இன்னொரு குடும்பம் இருக்குன்னாகூட எனக்கு மனசு ஆறும். டீ குடிச்சிட்டு திரும்பி வாறியளே!" என்பாள். அலுவலகத்திலும் நான் அப்படித்தான். யாரும் எட்டிப் பார்க்காத ரெக்கார்டு ரூமுக்கு மாற்றல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து வாங்கியவன். பழைய ஃபைல்கள் எதுவும் கேட்காது.

இதையெல்லாம் கூச்ச சுபாவம் என்று சொல்லி இன்னும் முப்பது வருடம் ஓட்டியிருப்பேன். மகளால்தான் முடியாமல் போனது. அவளுக்கு ஒன்பது வயது. சனிக்கிழமைகளில் பாளையத்தில் அவளுக்கு டிராயிங் வகுப்பு. திரும்பி வரும்போது எனக்காக அவள்தான் கத்துவாள். வாட்ட சாட்டமான அப்பாவுக்குப் பக்கத்தில் சின்னப் பெண் நின்றுகொண்டு "ஆளிறங்ஙானுண்டே!" என்று கூவுவதைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை, நல்ல மழை. எங்கள் நிறுத்தத்துப் பலா மரம் ஜன்னலில் தெரிந்தது. அவள் கத்தவில்லை. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பலா மரம் பின்னால் போய்விட்டது. "எல்லாரும் நோக்குவாங்க அப்பா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

இரண்டு பேரும் விதுராவுக்குப் போனோம். டீக்கடைக்காரர் அவளுக்குப் பழம்பொரி (வாழைப்பழ பஜ்ஜி) கொடுத்து, "மோளும் கேஸினு வந்ததாணோ?" என்றார். அவள் அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, ரொம்ப யோசித்துக் கேட்டாள்: "அப்பா, இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் உள்ளதா?" என் மூக்கு அவளுக்கு வந்ததில் எனக்குப் பெருமை உண்டு. இது வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

தம்பானூரில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்த கிளினிக்கில் மனைவி எனக்கு நேரம் வாங்கினாள். டாக்டர் முன்னால் எனக்கு வாய் திறக்கவில்லை, ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். எழுத்தென்றால் நான் புலி. பின்பக்கமும் எழுதி, இன்னும் இரண்டு தாள் கேட்டு (சைகையில்) எழுதினேன். அவர் படித்துவிட்டு இதற்குச் சமூகப் பதற்றக் கோளாறு என்று பெயர், வெறும் கூச்சம் இல்லை, நிறையப் பேருக்கு இருக்கிறது, சரி செய்யலாம் என்றார். நாற்பத்திரண்டு வயதில் என் குணத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது. அடுத்த சனிக்கிழமை முதல் அங்கிருக்கும் சைக்காலஜிஸ்ட் அம்மாவைப் பார்க்கச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை காலை காத்திருக்கும் அறையில் இரண்டே பேர். நானும், கதவுக்குப் பக்கத்தில் என் வயதுடைய இன்னொருவரும். நடுவில் ஆறு நாற்காலிகளைக் காலியாக விட்டிருந்தோம். அட்டெண்டர் வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எழுந்திருக்க நினைத்தேன், நினைத்ததோடு சரி. அட்டெண்டர் கதவுப் பக்கம் இருந்தவரைப் பார்த்து, "நிங்ஙளல்லே? வரூ" என்றார். அந்த மனிதர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

என் பெயரில் இன்னொருவரா என்று ஆச்சரியப்பட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து அவர் வெளியே வந்து, தரையைப் பார்த்தபடி மாடிப்படியில் இறங்கிப் போனார். அட்டெண்டர் வந்து வேறு ஒரு பெயரைக் கூப்பிட்டார். அறையில் நான் ஒருவன்தான் இருந்தேன். "நிங்ஙள் தன்னெயல்லே?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இல்லை என்று சொல்ல முடியாமல் அவர் நானாகப் போயிருக்கிறார். நானும் தலையை ஆட்டிவிட்டு அவராகப் போனேன்.

சைக்காலஜிஸ்ட் சின்ன வயதுக்காரர், சிரித்த முகம். அந்த மனிதருடைய ஃபைலைத் திறந்து, "மற்றவர்கள் முன்னால் சாப்பிட முடிவதில்லை, கை நடுங்குகிறது, அப்படித்தானே?" என்று மலையாளத்தில் கேட்டார். ஹோட்டலில் தனியாகச் சாப்பிடுவது எனக்கு இந்த உலகத்தில் கிடைத்த சில சந்தோஷங்களில் ஒன்று. "அதே" என்றேன்.

அவர் ஒரு தாளில் ஏணி வரைந்தார். பயம் குறைவான படி கீழே, அதிகமானது மேலே. ஒவ்வொரு வாரமும் ஒரு படி ஏற வேண்டும். என்ன நடக்கும் என்று பயந்தேன், உண்மையில் என்ன நடந்தது, பயம் நூற்றுக்கு எத்தனை என்று எழுதி வர வேண்டும். முதல் வாரம், கூட்டமில்லாத ஹோட்டலில் ஒரு மசாலா தோசை.

சாப்பிட்டேன். "பயம்: பூஜ்யம். தோசை மொறுமொறுப்பு" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் முகம் வாடியது. நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்தார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அடுத்த வாரத்திலிருந்து எண்பது, அறுபத்தைந்து, ஐம்பது என்று அழகாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். அவர் பூரித்துப்போனார். எனக்கு இடுப்பில் பேன்ட் பிடிக்க ஆரம்பித்தது.

நான்காவது படியில்தான் மாட்டினேன். நல்ல கூட்டத்தில் உட்கார்ந்து, சப்ளையரைக் கூப்பிட்டு, இரண்டாம் தரம் சட்னி கேட்க வேண்டும். சாப்பிடுவது அவர் நோய். கூப்பிடுவது என்னுடையது. கையைத் தூக்கினேன், குரல் வரவில்லை. சப்ளையர் பில்லைக் கொண்டுவந்து வைத்தார். கொடுத்துவிட்டு வெளியேறினேன். ஐந்தாவது வாரமும் அதே பாடம். கையைத் தூக்கினேன், பில் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு "சட்னி!" என்றேன். சப்ளையர் தென்காசிப் பக்கத்துப் பையன். "இதுக்காண்ணே ரெண்டு வாரமா என்னைய மொறைச்சீங்க?" என்று சொல்லி ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்தான்.

இதற்கிடையில் என் நோயைச் சுமந்துகொண்டிருந்தவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்த்தேன். வாராவாரம் கறுத்து இளைத்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் பஸ் டிக்கெட்டுகள் துருத்திக்கொண்டு நிற்கும். கையில் ஸ்கூட்டர் சாவி. சொந்த வண்டியைக் கிளினிக் வாசலில் விட்டுவிட்டு, என் ஏணிக்காக ஊர் ஊராகக் கத்திக்கொண்டு திரிந்திருக்கிறார். எங்கள் இருவருக்கும் எல்லாம் தெரியும். அவர் செய்தித்தாளின் நடுப்பக்கத்தைப் பிரித்து எனக்குக் கொடுப்பார். நான் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுப்பேன்.

ஆறாவது சனிக்கிழமை சைக்காலஜிஸ்ட் ஃபைலை மூடி வைத்துவிட்டு, "இவ்வளவு சீக்கிரம் குணமான ஆளை நான் பார்த்ததில்லை. இனி வர வேண்டாம்" என்றார். கும்பிட்டுவிட்டு எழுந்தேன். கதவு வரைக்கும் போய்விட்டேன். வெளியே போனால் நான் குணமானவன், எனக்கு இல்லாத நோயிலிருந்து. அடுத்த மழைக்கு மகளும் நானும் விதுராவில் பழம்பொரி தின்றுகொண்டிருப்போம். நம்ம ரெண்டு பேருக்கு மட்டுமா என்று அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

"மேடம், ஆ ஃபைல் என்டேதல்ல" என்றேன். கதவைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"பின்னெ ஆருடயா?"

"வெளியே இருக்கும் ஆளுடையது. என்னுடையது அவரிடம் இருக்கிறது."

"எப்போ முதல்?"

"முதல் நாள் முதல்."

அவர் எழுந்து போய் அந்த மனிதரை உள்ளே கூட்டி வந்தார். வந்தவர் ஸ்கூட்டர் சாவியை உருட்டிக்கொண்டே, "ஞானும் பறயாமென்னு விசாரிச்சு. எல்லா ஆழ்ச்சயும் விசாரிச்சு" என்றார். தானும் சொல்லிவிட வேண்டும் என்று வாராவாரம் நினைத்தாராம். சைக்காலஜிஸ்ட் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து என்னிடம், "இதைச் சொல்லும்போது பயம் நூற்றுக்கு எத்தனை?" என்று கேட்டார். நூற்றிப்பத்து என்றேன். "இப்போது?" யோசித்தேன். எழுபது இருக்கும். முதன்முறையாக உண்மையான எண்ணைச் சொன்னேன்.

அதன் பிறகு எங்கள் ஏணிகளை மாற்றித் தந்தார். கூடவே இன்னொரு பாடமும் வைத்தார். நான் சாப்பிடும்போது அந்த மனிதர் எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவர் பஸ்ஸில் கத்தும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் குரல் அட்டகாசமான குரல். இறங்க வேண்டிய அவசியமே இல்லாத இடங்களில்கூட பஸ்ஸை நிறுத்துவார். அதே மனிதர் பாதி இட்லியை மெனு அட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தின்றார். மூன்றாவது வாரம் அட்டையைக் கீழே வைத்தார்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. மழை. மகளும் நானும் பாளையத்தில் பஸ் ஏறினோம். எங்கள் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லியே டிக்கெட் எடுத்தேன். கண்டக்டர் "எவிட?" என்றார், இன்னொரு முறை சொன்னேன். பேரூர்க்கடை தாண்டியதும் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. இதற்கு மேல் தாங்காது என்று தோன்றிய நிமிடத்தில் கத்திவிட்டேன். "ஆளிறங்ஙானுண்டே!" அவரிடம் கற்றுக்கொண்ட குரல் அது. டிரைவர் பயந்துபோய் பிரேக்கை மிதித்தார்.

எங்கள் நிறுத்தம் இல்லை. அதற்கு முந்தையது.

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அப்பா, இது நம்ம ஸ்டாப்பு இல்ல" என்றாள் மகள் மெதுவாக. பேசாமல் இறங்கி நனைந்துகொண்டே நடந்துவிடலாம். அப்படித்தான் செய்யப் பார்த்தேன், ஒரு கால் படியில் இருந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெற்றிப்போயி. அடுத்த ஸ்டாப்பு" என்று தப்பை ஒப்புக்கொண்டேன் கண்டக்டரிடம்.

"ஆ தொண்ட வச்சோண்டு இது பறயானா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் மணியடித்தார், அவ்வளவு பெரிய தொண்டை இதைச் சொல்லத்தானா என்று. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் அவரவர் ஃபோனைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவ்வளவுதான். இத்தனை வருடமாக நான் பயந்தது இதற்குத்தான்.

பலா மரம் தெரிந்தது. எனக்கு அன்றைக்கான குரல் தீர்ந்துவிட்டது. பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. "ஆளிறங்ஙானுண்டே! ரண்டு பேருண்டே!" அவள் கம்பியிலிருந்து கையை எடுத்து வாயருகே குவித்து வைத்துக்கொண்டு கத்தினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் அவர்களைப் பார்த்தாள்.

இறங்கினோம். பஸ் போன பிறகுதான் குடையை உள்ளேயே விட்டுவிட்டது தெரிந்தது. அது மட்டும் விதுராவுக்குப் போயிற்று.