வினைல் தரையின் அடியில்

தாராவியில் எங்கள் ஒற்றை அறைக்கு வினைல் விரிப்பு ஒட்டினோம். ஊர் வழக்கப்படி வெள்ளிதோறும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். மழைக்காலத்தில் ஒரு வாடை வந்தது. பினாயில் கலந்து இன்னும் அதிகமாக ஊற்றினேன்.

தரையில் படுக்கும் என் மாமியாருக்கு இருமல் முற்றி மூச்சுத்திணறலானது. வீட்டில் ஈரம் இருக்கிறதா என்று டாக்டர் கேட்ட பிறகுதான் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் தேங்கிய தண்ணீர்; அவர் தலை வைக்கும் இடம்வரை கரும்பூஞ்சை. அன்றே மாமியார் டோம்பிவிலியில் இருக்கும் கொழுந்தன் வீட்டுக்குப் போனார்.

விரிப்பைப் பிய்த்தெறிந்து, தரையைக் காயவைத்து, புதிதாக ஒட்டினோம். இப்போது பிழிந்த துணியால் மட்டுமே துடைக்கிறேன். ஓரங்களில் ஈரம் நிற்க விடுவதில்லை.

"தரை நல்லா காஞ்சிட்டு. வாங்க அத்தை" என்று போன வாரமும் போன் செய்தேன்.

"காஞ்சிருக்கும்ளா. எனக்குத்தான் அங்கன தலை சாய்க்கப் பயமா இருக்கு" என்றார்.