ஆஃப் ஆன கிளை

எங்கள் முருகன் வழிபாட்டு மன்றத்துக்குச் சுரங்க டவுன்ஷிப்பில்தான் தலைமை. சுற்றுப்பட்டு ஊர்களில் பத்துப் பதினைந்து கிளைகள் இருந்தன. ஒரு கிளை தொடங்கும்போது தலைமையிலிருந்து ஒரு குத்துவிளக்கும் ஒரு வேலும் கொடுப்போம். கிளை நடக்கிற வரைக்கும் அவை அங்கே இருக்கும். நின்றுபோனால் திரும்ப வாங்கி வந்துவிட வேண்டும். மன்றத்துக்குள் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இன்ஜினியரும் சாமிதான், மைன்ஸில் கான்ட்ராக்டில் மண் அள்ளுகிறவரும் சாமிதான்.

கிளைகளைப் போய்ப் பார்த்து வருவது என் வேலை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு அந்தப் பொறுப்பு வந்தது என் திறமையால் அல்ல. பக்கத்து குவார்ட்டர்ஸ் நண்பரிடம் ஒரு பழைய ஆம்னி வேன் இருந்தது, அவர் என் பேச்சைத் தட்டமாட்டார், அவ்வளவுதான். அவருக்குத் தூத்துக்குடிப் பக்கம். இருவருக்கும் ஒரே ஷிப்ட். எங்கள் வார லீவு சுழற்சியில் வரும், அதை ஆஃப் என்போம். ஆஃப் ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தால் முருகன் கூப்பிடுகிறான் என்று அர்த்தம். புளிசாதத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

அந்த வருஷம் கமிட்டியில் ஒரு பேச்சு வந்தது. குறிஞ்சிப்பாடி தாண்டி ஒரு ஊரில் எங்களுக்கு இரண்டு கிளை. ஊருக்குள் ஒன்று, காலனியில் ஒன்று. காலனிக் கிளையில் பன்னிரண்டு பேர்தான், எல்லாரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். "ஒரே ஊருக்கு எதுக்கு ரெண்டு? அதை ஊர்க் கிளையோட சேத்துடலாம், பக்குவமா சொல்லிட்டு வாங்க சாமி" என்றார் செயலாளர். நான் தலையாட்டினேன். கமிட்டியில் நான் எப்போதும் தலையாட்டுகிறவன்தான்.

வியாழக்கிழமை கேன்டீன் வாசலில் நின்று காலனிக் கிளைத் தலைவருக்குப் போன் போட்டேன். அவரிடம் இருந்தது பட்டன் போன், வாட்ஸப்பெல்லாம் இல்லை. பின்னால் கன்வேயர் சத்தம். "சாமி, இந்த வாரம் உங்க கிளை ஆஃப்ல வருது. ஞாயித்துக்கெழம வந்துர்றோம்" என்று கத்தினேன். "சரிங்க சாமி" என்று மட்டும் சொன்னார். வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினோம். மற்ற நாளில் தகரக் கொட்டகை வாசலில் பெரிய கோலம் இருக்கும். அன்றைக்கு வெறும் சாணி தெளித்த தரை. உள்ளே பன்னிரண்டு பேரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் விளக்கு, தேய்த்துப் பளபளவென்று, பழைய வேட்டியில் சுற்றிக் கட்டியிருந்தது. பக்கத்தில் மஞ்சள் துணியில் வேல்.

"என்ன சாமி, வெளக்கு எங்கயோ ஊருக்குப் பொறப்பட்டாப்ல இருக்கு?" என்றார் என் நண்பர் சிரித்துக்கொண்டே.

யாரும் சிரிக்கவில்லை. கிளைத் தலைவர் எழுந்து கைகூப்பினார். "எல்லாம் கட்டி வெச்சிருக்கோம். எடுத்துக்கினு போங்க சாமி."

"எதுக்கு?"

"நீங்கதான சொன்னீங்க? எங்க கிளையை ஆஃப் பண்றாங்கன்னு."

எனக்கு முன்னால் நண்பர் புரிந்துகொண்டார். "அட முருகா! ஆஃப்னா எங்களுக்கு லீவு சாமி! எங்க லீவு நாள்ல உங்க கிளை வருதுன்னு சொல்லிருக்காரு இந்த மனுசன்!"

கொட்டகையே சிரித்தது. தலைவரின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவரை ஏசினாள். "மூணு நாளா சோறு எறங்காம கெடந்தியே! ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டியா? இன்னா ஆம்பளயோ!"

எல்லாரும் சிரித்தார்கள், என்னால்தான் முடியவில்லை. அவர் காதில் தப்பாக விழுந்ததுதான் நான் சொல்ல வந்த விஷயம். சாமி விளக்கு முன்னால் பொய் வரவில்லை. "இல்லீங்க சாமி, அப்படி ஒரு பேச்சும் இருக்கு" என்று ஆரம்பித்து, கமிட்டியில் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

அந்தம்மாதான் பேசினாள். "அங்க இருக்கறதும் முருகன்தாங்க சாமி, வேணான்னு சொல்லல. ஆனா அங்க போனா எங்கள வெளக்கேத்த வுடுவாங்களா? கோலம் போட வுடுவாங்களா? ஓரமா ஒக்காந்து பாத்துக்கினு இருந்துட்டு வரணும். இங்க நாங்க ஏத்தறோம்."

தலைவர் என்னைப் பார்த்தார். "கமிட்டில நீங்க இன்னா சொன்னீங்க சாமி?"

"ஒண்ணும் சொல்லல."

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. "சரி, வந்தது வந்தீங்க, கும்புட்டுட்டுப் போங்க" என்று குனிந்து விளக்கின் கட்டை அவிழ்த்தார். எண்ணெய் இல்லை, கிளை நின்றுபோனதென்று இருந்ததை வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார்களாம். ஆளுக்கொரு கிண்ணத்தில் கொண்டுவந்து ஊற்றினார்கள். அந்தம்மா ஏற்றினாள். அன்றைக்கு நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று: முருகா, அடுத்த கமிட்டியில் எனக்கு வாயைக் கொடு.

கொடுத்தான். அடுத்த கமிட்டியில் எழுந்து நின்றேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன், கட்டி வைத்திருந்த விளக்கை, அந்தம்மா கேட்டதை. "சாமின்னு கூப்பிட்டுட்டு ஓரமா ஒக்கார வெச்சா முருகன் ஒத்துக்குவானா?" என்று கேட்டுவிட்டேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

"பேசாத ஆளு பேசறீங்க. அடுத்த நடை நானும் வர்றேன்" என்றார் செயலாளர்.

வந்தார். அந்தத் தடவை வாசல் முழுக்க மயில் கோலம், கால் வைக்க இடமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகவே நடந்து உள்ளே போனார். அந்தம்மா விளக்கேற்றியதையும், வரி தப்பாமல் பாட்டெடுத்துக் கொடுத்ததையும் பார்த்துக்கொண்டே இருந்தார். சுண்டலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். சேர்ப்பதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

கிளம்பும்போது அந்தம்மாவிடம், "வர்ற கிருத்திகைக்குத் தலைமை மன்றத்துல நீங்க வந்து வெளக்கேத்தணும்" என்றார்.

அவள் புருஷனைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. "நான் மட்டும்னா வரமாட்டங்க. பன்னண்டு பேரும் வருவோம்" என்றாள்.

"அப்ப ரெண்டு நடை அடிக்கணும்" என்று வேன் சாவியைச் சுற்றினார் என் நண்பர். "அடிச்சுருவோம்."