கீபோர்டுக்காரர் விட்டுச்சென்ற பிளாப்பி

கீழ்வேளூர் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயிலில் கீபோர்டு வாசித்தவர் ஒல்லியான மனிதர். பாடுகிறவர்களோடு சேர்ந்து அவர் வாயும் சத்தமில்லாமல் அசையும். குவைத்துக்கு வேலைக்குப் போகுமுன், பூசைப் பாட்டு நின்றுவிடக் கூடாது என்று அத்தனையையும் கீபோர்டிலேயே வாசித்துப் பதிவு செய்தார். பிளாப்பி என்ற சின்னத் தகட்டில் சேமிக்காமல் கீபோர்டை அணைத்தால் எல்லாம் அழிந்துவிடுமாம். நகல் இல்லாத ஆவணம் ஆவணமே அல்ல என்பது பதிவு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் என் கட்சி. இரண்டு பிளாப்பி எடுக்க வைத்தேன்.

பதிவைப் போட்டுக் கேட்டபோது ஒரு பாட்டின் நடுவே தாளம் தளர்ந்தது.

"இங்க இழுக்குதே, திருத்திடுங்க" என்றேன்.

"திருத்தச் சொன்னா மிஷினே திருத்தும் சார். நான்தான் வேணாம்னு விட்டேன். நம்ம ஜனங்க அங்க மூச்சு வாங்குவாங்க. பின்வரிசை டீச்சரம்மா ரெண்டு தடவை வாங்குவாங்க."

அவர் போன பிறகு வந்த முதல் ஞாயிறு, பூசைக்கு ஒத்தாசை செய்யும் கோயில்பிள்ளை பட்டனை அழுத்தினார். கீபோர்டு தானாக வாசித்தது. டீச்சரம்மா உட்பட ஒருவரும் பிந்தவில்லை.

சாயங்காலம் குவைத்திலிருந்து போன் வந்தது.

"பாட்டு ஓடுச்சா சார்?"

"எல்லாம் ஓடுச்சு."

"ஜனங்க?"

"சேர்ந்தே பாடினாங்க."

"அப்ப நான் இல்லாதது தெரியவே இல்லையா சார்?" என்றார்.

உத்தியோகத்தில் இருந்தவரை உள்ளதை உள்ளபடி எழுதியவன் நான்.

"காணிக்கைப் பாட்டுல எல்லாரும் தடுமாறிட்டாங்க" என்றேன்.

"அது மிஷினுக்கு வராது சார். லீவுல வந்து நானே பாத்துக்கறேன்" என்றார், அவ்வளவு சந்தோஷமாக.