சடையங்குப்பத்துப் புல்லும் எங்கள் அக்காவும்

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அவர் பால்காரம்மா, மீதிப் பேருக்குப் புல்லுக்காரம்மா. கூடப் பிறந்த ஒரே தம்பியான எனக்கு அவர் ஓர் இடத்தில் நிற்கத் தெரியாத மனுஷி. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்த எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. நான்கு முறை எழுந்து சன்னல் வரை போய் வந்துவிட்டேன். எதையாவது விட்டுவிடுவேனோ, எதையாவது அழகாக்கிச் சொல்லிவிடுவேனோ என்ற தவிப்பு.

அக்கா பிறந்தது திருவொற்றியூரில். அப்பாவிடம் மூன்று கறவை மாடுகள் இருந்தன. நான் நடக்கத் தொடங்கும் முன்பே அம்மா காலமாகிவிட்டார். ஒன்பதாம் வகுப்போடு அக்கா பள்ளியை நிறுத்திக்கொண்டு மாடுகளையும் என்னையும் பார்த்துக்கொண்டார். தெருவெல்லாம் பால் ஊற்றிவிட்டு ஓடிவந்து எனக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்புவார். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது குறைவு. தட்டை ஏந்தியபடி மாட்டைச் சுற்றி வருவார்; ஒரு வாய்ச் சோறு, ஒரு பார்வை. அப்படி வளர்த்துவிட்ட தம்பிதான் படித்து, துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ராயபுரத்தில் அடுக்குமாடி வீட்டில் குடியேறினான்.

அக்கா சடையங்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டார். மாமா மணலியில் ஒப்பந்தத் தொழிலாளி, அதிர்ந்து பேசாதவர். அவர்களுக்குக் குழந்தை இல்லை. மாமா மாரடைப்பில் போனபோது அக்காவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அப்போது கொட்டகையில் ஆறு மாடுகள் நின்றன.

சடையங்குப்பம் தாழ்ந்த பூமி. அந்த ஆண்டு மழையில் இடுப்பளவு தண்ணீர் ஏறி, வைக்கோல் போர் மொத்தமும் மிதந்து போனது. அக்கா மாடுகளைச் சாலை மேட்டில் கட்டிவிட்டு, நனைந்த புடவையோடு மூன்று நாள் பக்கத்திலேயே நின்றார். நான் போய்க் கூப்பிட்டேன்.

"மாட்ட வித்துட்டு வந்துடுக்கா. நம்ம வூட்ல ஒரு ரூம் சும்மாதான் கீது."

"ரூம்ல நான் இன்னாடா பண்ணுவேன்? செவுத்தப் பாத்துகினு குந்தினு இருக்கவா?"

"சாணி நாத்தந்தான் உனக்கு சொர்க்கம்னா, இங்கயே கெட" என்று கத்திவிட்டுத் திரும்பினேன். அவர் முட்டித் தண்ணீரில் பேருந்து நிறுத்தம் வரை கூடவே வந்தார். பேருந்து கிளம்பும் வரை நின்றார். அந்தப் பேச்சுக்கு நான் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. எல்லோர் முன்பாகவும் இங்கே கேட்டுக்கொள்கிறேன்.

தண்ணீர் வடிந்த பிறகு, அக்கா வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையை மேடாக்க அதன் உரிமையாளர் லாரி லாரியாக எங்கிருந்தோ மண் கொண்டுவந்து கொட்டினார். வீடு கட்டும் வரை மாடு கட்டிக்கொள்ளலாம் என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். அந்த மண்ணோடு ஒரு புல்லும் வந்துவிட்டது. பார்வைக்குச் சோளப் பயிரேதான்: இலை நடுவே வெள்ளை நரம்பு, ஆள் உயரம், உச்சியில் செந்நிறக் கதிர். ஊரில் அதைச் சோளப்புல் என்றார்கள். பிடுங்கினால் விரல் தடிமனில் வெள்ளை வேர்த்தண்டு வரும். அது உடையும், உடைந்த துண்டு ஒவ்வொன்றும் முளைக்கும். பாம்பு அடையும், தோட்டத்துக்குள் புகுந்துவிடும் என்று அக்கம்பக்கத்தார் சலித்துக்கொண்டார்கள். அக்கா கண்டது வேறு. மாடுகள் காசு கொடுத்து வாங்கிய வைக்கோலை விட்டுவிட்டு அந்தப் புல்லுக்குக் கயிற்றை இழுத்தன.

"நட்டு வெச்சாகூட இப்டி வராதுடா. அதுவா வந்துகீது, வோணாம்னு சொல்லுவாங்களா?" என்று என்னிடம் தொலைபேசியில் சொன்னார். வெள்ளத்துக்குப் பிறகு அவர் குரலில் நான் கேட்ட முதல் மகிழ்ச்சி அது.

இரண்டு வீடு தள்ளி வேணி இருக்கிறார். அவர் கணவர் எண்ணூரில் படகுக்குப் போகிறவர். வேணியிடம் இருந்தது ஒரே மாடு. "உன் மாட்டையும் கொண்டாந்து வுடு வேணி, புல்லு கெடக்குது" என்று அக்காதான் அழைத்தார்.

அடுத்த கோடையில் புல்லை அறுத்த பிறகு தரை வெடித்துக் காய்ந்தது. பிறகு ஒரே ஒரு மழை. மறுவாரம் மனை முழுக்கச் சாண் உயரத்துக்குப் பச்சைக் குருத்து. அன்று காலையில் முதலில் மேய்ந்தது வேணியின் மாடு. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தது, கால் பின்னியது, விழுந்தது. மற்ற மாடுகளை அக்கா அடித்து விரட்டினார். கால்நடை மருத்துவரம்மா ஸ்கூட்டரில் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அவர் ஒரு குருத்தைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "வாடி நின்ற பிறகு திடீரென்று துளிர்க்கும்போது இந்தக் குருத்தில் நஞ்சு இருக்கும் அம்மா, இளஞ்சோளம் மாதிரியே" என்றார்.

வேணி மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தார். தலையைத் தூக்கி ஒன்றே ஒன்று சொன்னார்: "நீதானக்கா வுடச் சொன்ன."

அக்கா வீட்டுக்கும் மனைக்குமாக அன்று பொழுதெல்லாம் நடந்தார். பால் கறக்கும் நேரத்தில் கொட்டகையிலேயே நல்ல கறவையான செவலையைக் கன்றோடு அவிழ்த்துக்கொண்டுபோய் வேணி வீட்டு முளையில் கட்டினார்.

"இன்னாக்கா இது! எனக்கு வோணாம், இட்டுனு போ" என்று வேணி அழுதார்.

"பேசாத. மடி கனத்துகினு கீது. மொதல்ல கற."

புல்லைக் கொளுத்த வேண்டும் என்று தெரு சொன்னது. மருந்தடித்து ஒழித்துவிடுகிறேன் என்று மனைக்காரரும் சொன்னார். அக்கா அவரிடம் ஒரே ஒரு வருடம் கேட்டார். "கொளுத்துனா மேலதான் எரியும், வேரு அடியில கெடக்கும். மறுபடி குருத்துதான் வரும், அதான் வெஷம்" என்று வாதாடினார். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் கால்நடை மருத்துவமனைக்குப் போய் மருத்துவரம்மாவைக் கேள்விகளால் துளைத்தார். "உங்களைப் பார்த்தாலே எனக்குப் பரீட்சை நினைப்பு வருகிறது" என்று அவர் சிரித்தாராம்.

அதன்பின் அந்த மனை அக்காவின் கண்காணிப்புக்குள் வந்தது. கயிறு கட்டி மூன்றாகப் பிரித்தார். ஒரு பங்கில் மாடு மேயும்போது மற்ற இரண்டும் ஓய்வில் இருக்கும். புல் அவர் இடுப்புக்கு வராமல் எந்த மாடும் உள்ளே போகக் கூடாது. தரை காய்ந்து கிடந்த பின் மழை பெய்தால், குருத்து வளர்ந்து முற்றும் வரை எல்லாமே கொட்டகைத் தீவனம்தான். ஒட்ட மேயவும் விடமாட்டார். வேர் இளைத்தால் அடுத்த தழை வராது என்பார். ஆனால் அந்தப் புல் அடுத்தவர் நிலத்துக்குப் போகவும் கூடாது. ஆகவே விதை முற்றும் முன்பே அறுத்தார். மனையைச் சுற்றிக் கால்வாய் வெட்டி, வாராவாரம் கடப்பாரையோடு சுற்றிவந்து, எல்லை தாண்டும் வேரைத் தோண்டி எடுத்து வெயிலில் காயப்போட்டார்.

அறுத்ததைப் பக்கத்தில் இடிந்துபோன கிடங்கின் சிமெண்டுத் தரையில் பரப்புவார். நன்றாகக் காய்ந்த புல்லில் அந்த நஞ்சு அடங்கிவிடும் என்று மருத்துவரம்மா சொல்லியிருந்தார். ஆனால் தண்டு தடிமன். இலை காய்ந்தாலும் தண்டில் ஈரம் நிற்கும், பூஞ்சை பிடிக்கும். அக்கா மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றை வாங்கி, பரப்பிய புல்மேல் முன்னும் பின்னும் ஓட்டித் தண்டை நசுக்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் அதில் ஏற்றி, பாரத்துக்கு உட்கார வைத்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை; வண்டியை மிதித்தபடி வானத்தையே பார்த்திருந்தார். நாலாம் நாள் ஒரு தண்டை எடுத்து ஒடிப்பார். டப்பென்று ஒடிந்தால்தான் கட்டுவார். வளைந்தால் மறுபடி வெயில். கட்டுகளை வெள்ளம் எட்டாத உயரத்துக்குப் பலகை போட்டு அடுக்குவார். ஒவ்வொரு அறுப்பிலும் முதல் கட்டைத் தம் மாட்டுக்கே போட்டு, அது தின்று அசைபோடும் வரை அருகில் நின்று பார்ப்பார். பிறகுதான் வேணிக்கும் மற்றவர்களுக்கும்.

ஆண்டுகள் போயும் எந்த மாடு தலையைத் தாழ்த்தினாலும் எழுந்து போய்ப் பார்க்கும் வழக்கம் அவரை விடவில்லை. "இன்னுமா பயம் உனக்கு?" என்று கேட்டேன்.

"பயம் இல்லடா. நான் மறந்துட்டேன்னா இன்னொரு மாடு சாவும்."

வேணியின் மாட்டுக்குப் பிறகு அந்தப் புல்லால் ஒரு மாடும் சாகவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

கடைசியில் இதயம் அவரைக் கைவிட்டது. மூச்சு வாங்கியபடியே அறுப்பை முடித்து, புல்லைப் பரப்பிவிட்டு, மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்கு வர ஒப்புக்கொண்டார். கட்டிலில் படுக்க முடியாமல் காலைத் தொங்கவிட்டபடி இருந்தார். நான் உள்ளே நுழையும்போதெல்லாம் ஒரே கேள்வி: "வானம் எப்டி கீது?" வெயிலடிக்கிறது என்பேன். "வேணி பொரட்டிப் போட்டாளான்னு கேளு" என்பார். மூன்றாம் நாள் காலை, செவிலியர் மருந்து எடுத்துவரப் போன நேரத்தில், என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது.

அன்று மதியம் சடையங்குப்பத்தில் நீங்கள் கூடியிருந்தீர்கள். மேளம் ஒலித்துக்கொண்டிருந்தது. பாடை தயாராகிவிட்டது. அப்போது கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. காற்றில் பந்தல் துணி படபடத்தது. அக்காவின் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த வேணி சட்டென எழுந்தார்.

"அப்பறமா அழுவலாம். புல்லு கெடக்குது, எல்லாம் வாங்க."

எங்கள் பெரியப்பா அதட்டினார்: "பொணம் வூட்ல கெடக்க சொல்லோ இன்னாம்மா புல்லு?"

"அஞ்சு மாடு கீது பெரியவரே. நனைஞ்சா மழை முடியறவரைக்கும் அதுங்க இன்னாத்த துன்னும்?" என்று திரும்பிப் பார்க்காமலே ஓடினார்.

முதலில் யார் எழுந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் தலை நிமிர்ந்தபோது மேளக்காரர்கள் மேளத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்திலிருந்து வந்த என் நண்பர்கள் சட்டையைக் கழற்றினார்கள். எண்ணூர் படகுக்காரர்கள் கயிறு முறுக்கினார்கள். நானும் ஓடினேன். ஒரு தண்டை எடுத்து ஒடித்தேன், டப்பென்று ஒடிந்தது. கடைசிக் கட்டைப் பலகையில் ஏற்றியபோது எங்கள் முதுகில் தூறல் விழுந்தது. பெரியப்பா அந்தக் கட்டுகளின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

சிகிச்சை தந்த மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், ஒரு வருடம் என்று கொடுத்துவிட்டு இன்றுவரை மனையைத் திருப்பிக் கேட்காத அதன் உரிமையாளருக்கும், மருத்துவரம்மாவுக்கும், ஐந்து மாடுகளையும் தம்முடையவையாகப் பார்த்துக்கொள்ளும் வேணிக்கும் அவர் கணவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அன்று இறுதி ஊர்வலம் ஒன்றரை மணி நேரம் தாமதமானதில் யாருக்காவது மனவருத்தம் இருந்தால் பொறுத்தருளுங்கள். முதலில் புல்லையும் பிறகு அக்காவையும் தோளில் சுமந்த உங்கள் ஒவ்வொருவரையும் வணங்குகிறேன். அந்த மழைக்காலம் முழுக்க அக்காவின் மாடுகள் பட்டினி இல்லாமல் தின்றன.